ஷேர் என்று தைத்த பட்டி

“அப்போ எங்க நைனா ஹார்பர்ல கொக்கா ஓட்டுது, மிஸ்?”

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் என்னைக் கேட்ட கேள்வி. கிரேன் என்றால் கொக்கு என்று அப்போதுதான் கரும்பலகையில் எழுதியிருந்தேன். வகுப்பே சிரித்தது. பக்கத்து அறையில் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நீ வாசலில் வந்து எட்டிப் பார்த்தாய்.

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. கழுத்த நீட்டி, கீழ கீறத கவ்வித் தூக்குதுல்ல?”

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. என் முகம் சுருங்கியது. ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்த எனக்கு அந்த ஒற்றுமை அதுவரை தோன்றியதே இல்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நேற்று உன் மகள் ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். “அம்மா உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்தது ஆன்ட்டி.” பிரித்ததும் மெஷின் எண்ணெய் வாசனை. உள்ளே உன் பட்டிகள். சீருடை தைத்து மிஞ்சிய நீலத் துணியில், சங்கிலித் தையலில், ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கிலச் சொல். எல்லாம் ஐந்தெழுத்து. ஏன் ஐந்து என்று ஒருமுறை கேட்டதற்கு, “அதுக்கு மேல துணி பத்தாது டீச்சர். இதுக்கே மூணு நாள் பூடுது” என்றாய்.

கொக்குக் கேள்விக்குப் பிறகு புதன்கிழமைதோறும் என் வகுப்புச் சுவரில் ஒரு பட்டி மாட்டினாய். பொருளை வாயால்தான் சொல்வாய். ஸ்மெல் என்றால், “எண்ணூர் பஸ்ஸுல ஜன்னல சாத்துறோமே, அதுக்கு காரணம்.” லைட் என்றால், “தலையில கீற மூட்டைய எறக்கினதும் கழுத்துல தெரியும் பாரு, அது.” நான் அகராதியிலிருந்து எழுதிப்போட்டதைப் பரீட்சை வரைக்கும் வைத்திருந்தார்கள் பிள்ளைகள். நீ சொன்னதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. உன் எழுத்துப்பிழைக்காகக் காத்திருந்தேன். ஒரே ஒரு பிழை வந்திருந்தால்கூட அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. பார்வையிட வந்த அதிகாரி சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். “ரொம்ப நல்லா இருக்கே. யாரோட யோசனை இது?”

“ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் நான்தான் எடுக்கிறேன், சார்.”

அது பொய்யில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. வாசலில் கத்தரிக்கோலோடு நின்ற உன்னை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவர் என்னைப் பாராட்டிக் கைகுலுக்கினார். நீ உன் அறைக்குத் திரும்பிப் போனாய்.

மறுநாள் காலை சுவரில் புதுப் பட்டி: ஷேர். பிள்ளைகள் பொருள் கேட்டார்கள். “ஷேர் ஆட்டோல இன்னொரு ஆளு ஏறுனா, குந்திகினு கீறவங்க இன்னா பண்ணுவாங்க?” “நகருவாங்க மிஸ்!” “அதான்.”

மணி அடித்ததும் உன் அறைக்கு வந்தேன். “என்னைக் குத்திக் காட்டுறியா?”

“இன்னா டீச்சர் சொல்ற? அது ஞாயித்துக்கெழம...”

“நடிக்காத.” மீதியைக் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை தினமும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஒட்டி உட்கார்ந்து போனவர்கள் நாம். அன்றிலிருந்து நான் பஸ்ஸில் போனேன். நீ ஒரு வாரம் ஸ்டாண்டில் நின்று என்னை எதிர்பார்த்ததை பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன். பட்டிகள் அதோடு நின்றன. ஓய்வு பெறும்வரை நமக்குள் வணக்கம் மட்டும்தான்.

நேற்று அந்தப் பட்டியை மடியில் விரித்து, சங்கிலித் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். நெருக்கமான தையல், அவசரமே இல்லாதது. அப்போதுதான் உறைத்தது. ஒரு சொல்லுக்கு மூன்று நாள். அதிகாரி வந்தது செவ்வாய். புதன் காலை சுவரில் இருந்ததை நீ ஞாயிற்றுக்கிழமையே தைக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அன்று நான் பாதியில் வெட்டிய வாக்கியம் அதுதான். கணக்கு இவ்வளவு எளிது. இத்தனை வருடம் நான் போட்டே பார்க்கவில்லை.

நீ என்னைக் குத்தவே இல்லை. அப்போதும், பிறகும். நான் திருடியதை யாரிடமும் சொல்லாமல், பட்டிகளை எனக்கென்று எடுத்தும் வைத்திருக்கிறாய். உன்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். முன்பு உன் சொற்களுக்காக. இப்போது இதற்காக.

இந்த மடலை உன் மகளிடம் கொடுக்கப்போகிறேன். அந்தப் பட்டிகளைத் தைத்தது யார், யோசனை யாருடையது என்று அவள் என் கையெழுத்திலேயே படிக்கட்டும். இன்று காலை ஷேர் ஆட்டோவில் மீன் கூடையோடு ஓர் அம்மா ஏறினாள். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சாண் இடம்தான்.

படிப்பவர் யாராக இருந்தாலும், ஐந்தெழுத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியை மூடிவிட்டு, இன்று தெருவில் பார்த்த ஒன்றைக் கொண்டு அதற்குப் பொருள் சொல்லிப் பாருங்கள்.