இளவரசியார் இருவாட்சியை மிதித்த செய்தி

மழை தப்பாத மலைகளுக்கு உரியவரும், இருவாட்சிப் பறவையைக் கொடியில் ஏற்றியவரும், நெடுநாள் நண்பராக இருந்து இப்போது எமக்குச் சம்பந்தியும் ஆகிவிட்டவருமான சாரல் நாட்டு மன்னர் மாண்புமிகு வேங்கையரையர் திருமுன்னர்க்கு, முத்துவாய் நாட்டுக் கடல்துறைகளைக் காத்துவரும் ஆழியரையர் அன்புடன் விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் நிறைக. தங்கள் ஏலத் தோட்டங்கள் செழிக்க. மகளை அனுப்பிவிட்டு வெறிச்சோடிய அரண்மனையில் மனத்துக்கு ஆறுதல் கிட்டுக. இங்கே தங்கள் திருமகளார் நறுமுகை நலம். வேறெதையும் சொல்லுமுன் இதைச் சொல்கிறோம். ஓலையைப் பிரித்ததும் ஒரு தந்தையின் கண் தேடுவது அந்த ஒரு வரியைத்தான் என்பது பெண்களைக் கட்டிக்கொடுத்த எமக்கும் தெரியும்.

தங்கள் தூதர் மாவளத்தார் நேர்மையானவர். கண்டதைக் கண்டபடி எழுதுகிறவர். இளவரசியார் நிறைந்த அவையில் சாரல் நாட்டு இலச்சினையைக் காலால் மிதித்தார் என்று அவரிடமிருந்தோ, வழிப்போக்கர் வாயிலாகவோ தங்களுக்குச் செய்தி எட்டக்கூடும். எட்டினால், அது பொய்யன்று. மிதித்தார், நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆயினும் அது எப்படி நேர்ந்தது என்பதைத் தாங்கள் முழுவதும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுவிக்கிறோம். அவரவர் பேசியதை அவரவர் பேசியபடியே எழுதுமாறு எழுத்தருக்குச் சொல்லியிருக்கிறோம். பேச்சுவழக்கு ஓலையில் வந்திருப்பதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

எம் அவையில் வயலின் வாசித்துக்கொண்டே பாடும் கோமளவல்லி அம்மையாரைத் தாங்கள் அறிவீர்கள். நிச்சயதாம்பூலத்தன்று அவர் பட்ட பாட்டையும் கண்டீர்கள். இரு கைகளும் வயலினில் இருக்க, எதிரே வைத்த டேப்லெட்டில் சுரக்குறிப்பின் பக்கத்தைப் புரட்ட வில்லின் நுனியால் திரையைத் தொட்டார். அது இரண்டு பக்கம் தாண்டிவிட, நலுங்குப் பாட்டின் நடுவிலிருந்து நேரே மங்களத்துக்குப் போய்விட்டார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். தாங்கள் அன்று சிரித்தீர்கள். ஊர் திரும்பியதும் அவருக்கென்று தனியே ஒரு பரிசும் அனுப்பினீர்கள். அதுதான் அந்தக் கம்பியில்லா மிதிகருவி. வலப்பக்கம் மிதித்தால் குறிப்புச் செயலியில் பக்கம் புரளும். இடப்பக்கம் மிதித்தால் சுருதிப்பெட்டிச் செயலியில் சுருதி மாறும். கைக்கு வேலையே இல்லை.

பெட்டியைத் திறந்தபோது கோமளவல்லி அம்மையாருக்குக் கண் கலங்கியதாம். தம் தடுமாற்றத்தை ஓர் அரசர் மனத்தில் வைத்து மருந்து அனுப்பியிருக்கிறாரே என்று. டேப்லெட்டில் புளூடூத்தைத் திறந்ததும் கருவியின் பெயர் ‘இருவாட்சி’ என்று தோன்றியது. பிறகுதான் கருவியையே உற்றுப் பார்த்தார். மிதிக்க வேண்டிய அந்த இடத்தில், வெள்ளியில், அலகும் கொண்டையும் கண்ணுமாகத் தங்கள் குலப்பறவை அமர்ந்திருந்தது. தங்கள் கொல்லர்கள் விளக்கிலும் தட்டிலும் வாளிலும் பொறிப்பதைப்போலவே இதிலும் வழக்கப்படி பொறித்துவிட்டார்கள் போலும். தூக்கிய காலை அப்படியே கீழே ஊன்றாமல் எடுத்துக்கொண்டார் அம்மையார்.

மாவளத்தாரிடம் போய்க் கேட்டார். அம்மையார் சொன்னபடி தூதர் கூறியது இது: “அம்மா, எங்க நாட்டு இலச்சினைமேல கால் வெச்சீங்கன்னா நான் எழுதியே ஆகணும். ராஜா குடுத்த பரிசத் தொடாமலே வெச்சிருந்தாலும் எழுதியே ஆகணும். என் நிலமையையும் கொஞ்சம் பாருங்க.”

பட்டுத்துணி போட்டு மூடிக்கொள்ளலாமா என்றார் அம்மையார். பறவையின் கண்ணைக் கட்டுவது அதைவிடக் கேடு என்றார் தூதர். சம்மணமிட்டு அமர்ந்து வாசிப்பதால் முழங்காலால் அழுத்திப் பார்க்கலாமா என்றதற்கு, “முழங்காலும் கால்தானே அம்மா?” என்று வருத்தத்தோடு கேட்டாராம். மிதித்தாலும் பிழை, மிதிக்காவிட்டாலும் பிழை. இரண்டு நாடுகளின் உறவு தம் பாதத்தின் கீழ் வந்து நிற்கும் என்று அந்த அம்மையார் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்.

இதனிடையே இளவரசியாரை வரவேற்கும் விழா வந்தது. தங்கள் நாட்டைப் போற்றி எம் புலவர் அம்பலக்கூத்தர் ஒரு ராகமாலிகை இயற்றினார். இயற்றி முடித்தபாடில்லை, விழா நாள் நண்பகல்வரை அடிகளை மாற்றிக்கொண்டேயிருந்தார். மனப்பாடம் செய்ய வழியில்லை. டேப்லெட்டைப் பார்த்துத்தான் பாடியாக வேண்டும். அம்மையார் ஒரு முடிவுக்கு வந்தார். மிதிகருவியை வெள்ளித் தட்டில் வைத்து, மல்லிகை சூட்டி, மேடையின் முன்னே எல்லோரும் காணும்படி அமர்த்தினார். மரியாதைக்கு மரியாதை ஆயிற்று. பக்கம் புரட்டப் பழையபடி வில்லின் நுனிதான். மாவளத்தார் தலையசைத்தார்.

இங்கே தங்களிடம் மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். தங்கள் மகளார் எம் இல்லம் வந்த நாளிலிருந்து ஒரு குறையும் சொல்லவில்லை. வேறெதுவும் சொல்லவுமில்லை. கேட்டால் தலையாட்டுவார், கொடுத்தால் உண்பார். எம் மைந்தர் கடலைக் காட்டினார், படகில் ஏற்றினார். நன்றாக இருக்கிறது என்பதோடு பேச்சு நின்றுவிடும். அரசியார் எம்மைத் தனியே அழைத்து, பெண்ணுக்கு இங்கே பிடிக்கவில்லையோ என்று கவலைப்பட்டார். விழா அவையிலும் இளவரசியார் அப்படித்தான், வைத்த இடத்தில் வைத்த பாவைபோல அமர்ந்திருந்தார்.

பாட்டு தொடங்கியது. முதல் பக்கம் நல்லபடியாகப் புரண்டது. இரண்டாவதில், “மேகம் இறங்கித் தங்கும் முற்றங்களே” என்ற அடி முடியும் இடத்தில், வில்லின் நுனி திரையைத் தொட்டது. ஏடு ஓடிக் கடைசிப் பக்கத்தில் போய் நின்றது. அடுத்த அடி என்னவென்று அம்மையாருக்குத் தெரியவில்லை. நிறுத்தவும் முடியாது. நிரவல் செய்வதுபோல அதே அடியைத் திரும்பப் பாடினார். மேலே போய்ப் பாடினார், கீழே இறங்கிப் பாடினார். மிருதங்கக்காரரும் ஈடுகொடுத்தார். அவை சொக்கிப்போய் ஆகா என்றது. அம்மையாருக்கோ உள்ளங்கை வேர்த்து வில் வழுக்கிக்கொண்டிருந்தது.

தங்கள் மகளார் முதலில் அந்த முற்றங்களை நினைத்துக் கண் துடைத்துக்கொண்டார். தமக்காகவே அந்த அடியைப் பாடகியார் விடாமல் பாடுகிறார் என்று எண்ணினாராம். பிறகு நிமிர்ந்து பார்த்தார். பாடகியாரின் கண் தம்மிடம் இல்லை, திரையில் இருந்தது, தவித்துக்கொண்டிருந்தது. சுரக்குறிப்பு படித்துப் பழகியவரல்லவா, புரிந்துவிட்டது.

எழுந்தார். எம் மைந்தர் என்னவென்று கேட்குமுன் மேடையேறிவிட்டார். தட்டிலிருந்து மல்லிகையை எடுத்து ஒதுக்கிவிட்டு மிதிகருவியைத் தரையில் வைத்தார். அம்மையாரின் அருகில் உட்கார்ந்து, ஏட்டை விரலால் தள்ளி உரிய பக்கத்துக்குக் கொண்டுவந்தார். கொலுசை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, காலைத் தூக்கி இருவாட்சியின்மேல் வைத்தார்.

மாவளத்தார் எழுந்துவிட்டார். “இளவரசி! அது நம்ம இலச்சினை!” என்று அவர் கூவியது மிருதங்கத்தையும் மீறிக் கேட்டது.

தங்கள் மகளார் திரும்பிப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: “மாமா, எங்கப்பா நெஞ்சுமேல ஏறி மிதிச்சு வளந்த கால் இது. அப்ப கோவப்படாதவரு, இந்த வெள்ளிப் பறவைக்கா கோவப்படப் போறாரு? உக்காருங்க, பாட்டு போயிட்டிருக்கு.”

அவ்வளவு நீளமாக அவர் பேசி நாங்கள் கேட்டது அதுவே முதல் முறை. அரசியார் எம் கையைப் பற்றிக்கொண்டார். மாவளத்தார் உட்கார்ந்தார்.

அதன்பின் பாட்டு ஆறுபோலப் போயிற்று. அடி முடிவதற்கு ஒரு நொடி முன்னதாகவே பக்கம் புரண்டது. அம்மையாருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. கடைப்பகுதி செஞ்சுருட்டியில் அமைந்தது. அங்கே சுருதி மத்திமத்துக்கு மாற வேண்டும். இதை அவர் தங்கள் மகளாருக்குச் சொல்லவேயில்லை. ஏட்டில் சிவப்பில் சிறிதாகக் குறித்திருந்தது, அவ்வளவுதான். பாட்டு அங்கே வந்து நின்ற கணத்தில் இளவரசியாரின் கால் இடப்பக்கம் நகர்ந்தது. செயலியின் தம்பூரா ஒலி மாறி மண்டபம் எங்கும் நிறைந்தது. தமக்கு உடல் சிலிர்த்துவிட்டது என்றும், இத்தனை வருடப் பாட்டில் பக்கத்தில் ஒரு துணை இருப்பதுபோல் தாம் உணர்ந்தது அன்றுதான் என்றும் அம்மையார் மறுநாள் எம்மிடம் சொன்னார். பாட்டு முடிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பை நாங்கள் தொலைவிலிருந்தே கண்டோம். எதற்கென்று கேட்டால் இருவருமே சொல்ல மறுக்கிறார்கள்.

விழா கலைந்தபின் மாவளத்தார் எழுதாத ஓலையும் கையுமாக எம்மிடம் வந்தார். “நடந்தத எழுதினா தப்பாத் தெரியுது, தப்பா எழுதறதுக்கும் மனசு வரல. நான் என்ன செய்யட்டுங்க?” என்றார். அவர் கண்ணும் ஈரமாகவே இருந்தது. அந்தச் சுமையை எம்மிடம் விட்டுவிடும்படி கூறி அவரை உண்ண அனுப்பினோம்.

ஆகவே நாம் இட்டிருக்கும் ஆணையைத் தாங்கள் அறிக. இருவாட்சி பொறித்த மிதிகருவி இன்றுமுதல் இளவரசியார் நறுமுகைக்கு உரியது. அவர் பாதமன்றிப் பிறர் பாதம் அதன்மேல் படலாகாது. அதைத் தட்டில் வைத்துப் பூச்சூட்டுவதும் வேண்டாம். நாள்தோறும் மின்னூட்டி, இசைக்கூடத்தில் அவர் அமரும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். இசைக்கூடத்தாரும் அரண்மனைப் பண்டகசாலையாரும் இதைத் தலைமேற்கொண்டு நடப்பாராக. இதில் பிழை கண்டால் அது எம்மைச் சேரும். பெருமை கண்டால் தங்கள் மகளாரைச் சேரும்.

ஆழியரையர் சொல்ல, அவைக்கள எழுத்தர் நன்னாகன் எழுதி, சங்கு இலச்சினை இட்டு, வளர்பிறை நாளில் மலைவழித் தூதர் கையில் கொடுக்கப்பட்டது. கடலும் மலையும் ஒன்றையொன்று பார்த்திருக்கும் காலமெல்லாம் இவ்வுறவு நிலைக்க.

இலச்சினைக்குக் கீழே இடமிருந்ததால், இளவரசியார் தம் கையால் எழுதியது:

அப்பா, பறவை போட்டது எனக்கு. கோமளம்மாவுக்குப் பறவை இல்லாம ஒண்ணு அனுப்புங்க, அவங்க பாவம், நான் இல்லாதப்ப இன்னும் வில்லாலதான் தட்டிட்டிருக்காங்க. தினமும் சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் பாட்டுக்கு உக்காந்துடறோம், அவரும் வந்து கேக்கறாரு. எனக்கு இங்க நேரமே பத்தல. அதனால என் ஓலை தாமதமா வந்தா கவலைப்படாதீங்க.