பதினான்கு வெள்ளிக்கிழமைகள்

2 ஜூலை 1995, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாமியிடம் சொல்லிவிட்டேன். பத்தாம் தேதி முதல் மூன்று வாரம் பூவார் பக்கத்தில் பயிற்சி. அங்கேயே தங்க வேண்டும்.

மாமி குழம்புக்குத் தேங்காய் வறுத்துக்கொண்டிருந்தார்கள். கரண்டி நிற்கவில்லை.

“நம்ம செங்கல் ஊரில இருந்து பூவாருக்கு பஸ்ஸில அரை மணிக்கூர். காலத்த போயிட்டு அந்திக்கு வரப்பிடாதா? வீடு இஞ்ச இருக்க, அங்ஙன போய்க் கெடக்கணும்ணு எந்தச் சட்டம்?”

“அந்தப் படிப்பு அப்படித்தான் மாமி. கொழும்பு, காட்மாண்டு பாங்கில இருந்தெல்லாம் ஆபீசர்மாரு வாறாங்க.”

“அவங்களுக்கு இஞ்ச வீடு இல்ல. உனக்கு உண்டு.”

அந்தப் பயிற்சிக்கு மொத்தம் இருபத்துநாலு பேர். பதினாறு பேர் பல நாட்டு மத்திய வங்கி அதிகாரிகள், எட்டுப் பேர் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள். அந்த எட்டில் நான் ஒருத்தி என்று கடிதம் வந்த நாளில் அதை ஐந்து முறை படித்தேன். மகள் அனகாவுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. அவளை விட்டுவிட்டுப் போகிறேன். போகத்தான் வேண்டுமா? போகத்தான் வேண்டும். உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது.

சாப்பிடும்போது என் கணவர் அனில் மட்டும் தன் அம்மாவுக்கு முன்னாலேயே சொன்னார்: “போ ரெஜி. வெள்ளிக்கிழம வெல நான் எடுத்துக்கிடுதேன்.”

1992 ஜனவரி முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் பாறசாலைச் சந்தையிலும் களியக்காவிளைச் சந்தையிலும் ஏத்தங்காய், அதாவது நேந்திர வாழைக்காய், கிலோ என்ன விலை என்று எழுதி வருகிறேன். நடுவில் நாலு கிலோமீட்டர், கேரள–தமிழ்நாடு எல்லை. ஓரிடத்தில் விலை ஏறினால் மற்ற இடத்தில் எத்தனை நாளில் ஏறுகிறது — அதுதான் என் ஆராய்ச்சி. அனகா பிறந்த சமயத்தில் பதினாலு வாரம் அனில்தான் எடுத்துத் தந்தார். மோட்டார் வைண்டிங் கடையை வைத்துக்கொண்டு, அதற்கும் நேரம் கண்டுபிடித்தார்.

9 ஜூலை, ஞாயிறு

அனில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். பழைய மிஷன் பங்களாவை ஒட்டிப் புதிதாகக் கட்டிய பயிற்சி மையம். அனகா அழவே இல்லை, காம்பவுண்டுச் சுவரில் இருந்த காக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அழுதேன். ஸ்கூட்டர் திரும்பிய பிறகு.

ஆறாம் எண் அறை. கூட இருப்பவர் கொழும்பிலிருந்து வந்திருக்கும் புனிதவதி. மத்திய வங்கியில் விலைவாசிப் பிரிவு. நாற்பத்துநாலு வயது. நான் தமிழில் பேசியதும் கையைப் பிடித்துக்கொண்டார். “மூண்டு கிழமையும் இங்கிலீசிலதான் கதைக்கவேணும் எண்டு நினைச்சன்.”

10 ஜூலை, திங்கள்

பதினொரு பக்கம் குறிப்பெடுத்தேன். இரண்டு பக்கம் புரிந்தது.

12 ஜூலை, புதன்

இன்று விளங்கிவிட்டது! பாடம் எடுக்கும் ஸ்ரீகுமாரி டீச்சர் ஜன்னலைத் திறந்து காயலில் கட்டியிருந்த இரண்டு வள்ளங்களைக் காட்டினார். நீரோட்டத்தில் ஒவ்வொன்றும் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் ஒரு கயிறு சேர்த்துக் கட்டியிருந்தால் இடைவெளி ஓர் அளவுக்கு மேல் போகாது. இரண்டு விலைகளுக்கு நடுவில் அப்படி ஒரு கயிறு உண்டா, அது எவ்வளவு சீக்கிரம் இழுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த மூன்று வாரப் படிப்பு. மூன்றரை வருடமாக நான் தேடிக்கொண்டிருந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு வழி இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு சிலிர்த்தது.

புனிதவதிக்கு மேட்ரிக்ஸ் கணக்கு மறந்துபோயிருக்கிறது. “இதுகளக் கண்டு இருவது வருசம்” என்கிறார். தினமும் காலை ஐந்தரைக்கு நான் அவருக்கு அதைச் சொல்லித் தருகிறேன். ஒரு நாட்டின் விலைப் பட்டியல் எப்படி உருவாகிறது, எந்த ஊர்ச் சந்தைக்கு யார் போகிறார்கள், எங்கே தப்பு வரும் — அவர் எனக்குச் சொல்கிறார். என் ஏத்தங்காயை இங்கே யாரும் கேலி செய்யவில்லை. காட்மாண்டு அதிகாரி ஒருவர் உருளைக்கிழங்கு விலையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: இன்று ஒரு டம்ளர் சாயாவை ஆறுவதற்குள் குடித்து முடித்தேன். அனகா பிறந்த பிறகு இதுதான் முதல் தடவை. எனக்கென்று ஒரு மேசை, ஒரு விளக்கு. கர்த்தாவே, நன்றி.

14 ஜூலை, வெள்ளி

அனில் பூத்திலிருந்து ஆபீசுக்குப் போன் செய்தார். பாறசாலை ஒன்பது இருபது, களியக்காவிளை எட்டு தொண்ணூறு. அனகா “ம்மா” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு போனைக் கடித்தாள் போலிருக்கிறது.

15 ஜூலை, சனி

கம்ப்யூட்டர் அறையில் என் முறை. நூற்று எண்பத்து மூன்று வாரம், இரண்டு வரிசை. பிளாப்பியைப் போட்டு வரைபடம் எடுத்தேன். இரண்டு கோடுகள், பனங்கருக்கு மாதிரி மேலும் கீழுமாக ஓடின. அழகாக இருந்தது. சோதனையிலும் கயிறு உண்டு என்றே வந்தது. பெரிய வித்தியாசமும் ஒரே வாரத்தில் அடங்கிவிடுகிறது. புனிதவதி தோளில் தட்டினார்.

ஸ்ரீகுமாரி டீச்சர் பின்னால் வந்து நின்றார். பிறகு விரலைத் திரையில் ஓரிடத்தில் வைத்தார்.

“இது என்ன?” மலையாளத்தில்தான் கேட்டார்.

1993 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை. கோடு மேலும் கீழும் போகவில்லை. ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி ஏறுகிறது. வாரம் பத்துப் பைசா. களியக்காவிளையில் எப்போதும் சரியாக நாற்பது பைசா குறைவு. நடுவில் ஓணம் வேறு. ஓணத்துக்கு ஏத்தங்காய் பத்துப் பைசாவா ஏறும்?

“ரெஜிலா, சந்தை இவ்வளவு ஒழுங்காக இருக்காது. இந்த வாரங்களை எடுத்தது யார்?”

“பார்த்துச் சொல்கிறேன் டீச்சர்” என்றேன்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? எண்ணினேன். பதினாலு.

16 ஜூலை, ஞாயிறு

காலை முதல் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். மாமியும் அனகாவும் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். அனில் வீட்டை ஒட்டிய கடையின் பின்பக்கம் மோட்டார் ஒன்றுக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வரைபடத் தாளை மேசையில் வைத்தேன். விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்குக் கோடு தெரியும்.

“நீங்க சந்தைக்குப் போவல்ல.”

கம்பியைக் கீழே வைத்தார். “ஒரு வாரம் போனேன். மொத வாரம். பின்னே போவல்ல.”

“பதிமூணு வாரமும் வீட்டிலிருந்து எழுதினீங்களா?”

“வீட்டில இல்ல. ஆசுபத்திரி வராந்தாவில.”

நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று முழுதும் நினைவில்லை. மூணர வருசம், ரெண்டு பஸ்ஸு, மழையில நனஞ்சு, வயித்தில கொச்சோட போயி எடுத்த வெலையாக்கும், அதில நீங்க — ஏன் செய்தீங்க? சொல்லியிருந்தா என்ன? இப்படியெல்லாம்.

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் கோபமாக இருந்தது.

“கொச்சுக்கு எட ஒண்ணேமுக்கா கிலோ, ரெஜி. உனக்கு ரெத்தம் நிக்கல்ல. நெய்யாற்றின்கரையில இருந்து திருவனந்தபுரம், அங்க இருந்து திரும்ப இஞ்ச. எனக்கு அப்போ சந்த எங்கண்ணே தெரியல்ல. நீ கண்ணு தொறந்து என்னட்ட கேட்ட மொத கேள்வி என்னண்ணு ஓர்மயுண்டா? ‘வெல எடுத்தீங்களா?’ இல்லண்ணு சொன்னா உன் மொகம் என்ன ஆவும்ணு நெனச்சேன். எடுத்தேன்னு சொன்னேன். ஒரு தடவ சொன்னப்பெறவு நிறுத்தத் தெரியல்ல.”

அந்தக் கேள்வியை நான் கேட்டேனா? கேட்டிருப்பேன்.

மாமி வந்ததும் எங்கள் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள். நான் பயிற்சிக்குத் திரும்பவில்லை என்றேன். இனி என்னத்துக்கு? மாமி என் பையைக் கையில் எடுத்துத் தந்தார்கள்.

“அவன் செய்தது தப்பாக்கும். அதுக்கு நீ படிப்ப விட்டா அது வேற தப்பு. கொச்ச நான் பாத்துக்கிடுதேன். போ மக்கா, பஸ்ஸு வருது.”

போக வேண்டாம் என்றவர்கள்தான்.

17 ஜூலை, திங்கள்

அனிலிடம் நான் சொல்லிக்கொள்ளாமல்கூட வந்துவிட்டேன்.

19 ஜூலை, புதன்

நேற்று ஒன்றும் எழுதவில்லை. அவர் போனதாகச் சொன்ன முதல் வாரத்தையும் நம்ப முடியாமல், அந்தப் பதினாலையும் எடுத்துவிட்டுச் சோதனையை மறுபடி போட்டேன். கயிறு இருக்கிறது. ஆனால் தளர்ந்துவிட்டது. ஒரு வாரத்தில் அடங்கும் என்று மூன்றாம் அத்தியாயம் முழுவதும் எழுதி வைத்திருந்தேன், கருத்தரங்கிலும் பேசினேன். உண்மையில் மூன்று வாரம் ஆகிறது. அத்தியாயம் போயிற்று.

டீச்சர் மறுபடி கேட்கவில்லை. கேட்காமலே இருந்துவிடலாம். ‘சந்தை மந்தமாக இருந்தது’ என்று ஒரு வரி எழுதினால் யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? இந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

காலைக் கணக்கின்போது புனிதவதியிடம் சொல்லிவிட்டேன். என் புருஷன் என்றும் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“எங்கட விலைப் பட்டியல்ல வடக்குப் பக்கம் கன இடத்தில வெறும் கோடுதான். சண்டையால சந்தைக்கு ஆள் போகேலாது. கீழ ‘கிடைக்கவில்லை’ எண்டு போடுறம். தொடக்கத்தில எனக்கு அதப் பாக்க அழுகை வரும், அது என்ர அம்மான்ர ஊர். ஒருக்கா, பழைய விலையப் பாத்து ஒரு கணக்குப் போட்டு நிரப்பினா என்ன எண்டு நானே கேட்டன். என்ர மேலதிகாரி சொன்னா, நிரப்பினா அங்க ஒண்டும் நடக்கேல்ல எண்ட மாதிரி ஆகிடும் எண்டு.”

பிறகு சொன்னார்: “உமக்கு அந்தக் கிழமைகளில என்ன நடந்தது? பிள்ளை பிறந்தது. அத ஏன் மறைக்கவேணும்?”

மத்தியானம் டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். “குழந்தை இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். அதன் பிறகுதான் “அந்த இடத்தைக் காலியாக விடு, விட்டதைச் சொல்” என்றார்.

21 ஜூலை, வெள்ளி

காலையில் போன் வரவில்லை. பத்து மணி, பதினொன்று. வராது என்று நினைத்தேன். வந்தாலும் அந்த எண்ணை நான் நம்பவா? இனி ஒவ்வொரு எண்ணையும் இப்படித்தான் பார்க்கப்போகிறேனா? வகுப்பில் கரும்பலகை தெரிந்தது, எழுத்து தெரியவில்லை.

நாலு மணிச் சாயா நேரத்தில் வாட்ச்மேன் கூப்பிட்டான். கேட்டில் அனில். மழையில் தொப்பலாக நனைந்து, ஸ்கூட்டரைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். பக்கத்தில் போனேன். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய சீட்டு ஒன்றைத் தந்தார். பாறசாலை ஒன்பது ஐம்பது. களியக்காவிளை என்று எழுதி, எதிரில் ஒன்றுமில்லை.

“கொச்சுக்கு ராத்திரியில இருந்து பனி, மேலு கொதிச்சுது. பயப்படாதே, கொறஞ்சாச்சு. காலத்த பாறசாலையில டாக்டரப் பாக்கப் போனேன், அங்க வெல கேட்டேன். மற்றதுக்குப் போவ முடியல்ல. இனி போனா சந்த கலஞ்சிருக்கும். அது வெறுமயா இருக்கட்டு.”

“இதைச் சொல்லவா மழையில வந்தீங்க?”

“போனில சொன்னா நீ என் மொகத்தப் பாக்க முடியாதே.”

பார்த்தேன். கண் சிவந்திருந்தது. அவரும் தூங்கியிருக்கவில்லை. சாயா வாங்கிக் கொடுத்தேன், கேட்டில் நின்றே குடித்தார். அவர் போன பிறகு அந்தச் சீட்டைக் கம்ப்யூட்டர் அறைக்கு எடுத்துப் போனேன். பாறசாலைக்கு ஒன்பது ஐம்பது போட்டேன். களியக்காவிளையைக் காலியாக விட்டேன். நம்பிக்கையோடு போட்டேன்.

27 ஜூலை, வியாழன்

இன்று என் உரை. பதினைந்து நிமிடம். கோடு நடுவில் அறுந்து மறுபடி தொடங்கும் வரைபடத்தைத் திரையில் காட்டினேன். அந்த வாரங்களில் ஒழுங்காக விலை எடுக்கப்படவில்லை, கையிலிருந்த எண்கள் உண்மையல்ல என்று தெரிந்து நீக்கிவிட்டேன் என்றேன். முன்வரிசையில் ஒரு வங்கி அதிகாரி கை தூக்கினார். வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் கேட்டது: எல்லை தாண்ட நாலே கிலோமீட்டர் இருக்க, ஏன் மூன்று வாரம்? அதற்கு மேல் செக்போஸ்ட், லாரி வரிசை, வியாபாரிகளின் பழக்கம் என்று அரை மணி நேரம் விவாதம். ஒரு வாரம் என்ற பழைய விடையோடு போயிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. போன அத்தியாயத்தைவிட நல்ல அத்தியாயம் ஒன்று எனக்கு அங்கேயே கிடைத்தது.

28 ஜூலை, வெள்ளி

புனிதவதி காலையில் கிளம்பினார். கடைசிச் சோதனைத் தாளில் மேட்ரிக்ஸ் கணக்கு நாலும் சரி! அதைப் பெட்டியில் சேலைகளுக்கு மேலே வைத்துப் பூட்டினார். கட்டிப்பிடித்து அழுதோம்.

வீட்டு வாசலில் அனகா என்னைப் பார்த்து மாமியின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அரை மணி நேரம் ஆயிற்று, மடிக்கு வர.

11 பிப்ரவரி 1997, செவ்வாய்

வாய்மொழித் தேர்வு முடிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போய், உதவித்தொகை இல்லாமல், மாலை வகுப்பு எடுத்துக்கொண்டு எழுதிய ஆய்வேடு. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

“ஐந்து வருடம் வாரம் தவறாமல் இரண்டு சந்தை. இந்த விலைகளை எடுத்தது யார்?”

“நானும் என் கணவரும்” என்றேன்.

“இங்கே பதினாலு வாரம் காலி. அப்போது என்ன ஆயிற்று?”

“எங்களுக்கு மகள் பிறந்தாள், சார். நாங்கள் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.