மாமுவின் தொட்டியில் பூசிய பிசின்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். லேப் ஜன்னல் சரியாக மூடவில்லை, தராசில் எண் நிற்காமல் ஆட்டம். கூட ஆராய்ச்சி செய்யும் ஜெயந்தி லீவு. எபாக்சிப் பிசினை முதல்முறையாக நானே முழுக்கக் கலந்தேன். இறுகியதும் பிளேடால் கீறி, கீறல் தானே மூடுகிறதா என்று பார்க்கக் கிளிப் போட்டு, ஓவனில் வைத்தேன். கீறல் அப்படியே. போன மாதம் அவள் கலந்தது தழும்புகூட இல்லாமல் ஒட்டிக்கொண்டதே! அதே ரெசின், அதே ஹார்டனர். என் கைதான் பிசகியிருக்கும்.

வாங்க: கையுறை, அசிட்டோன், அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

ஜூலை 9, புதன்

மறுபடி கலந்தேன். மறுபடி ஒட்டவில்லை. போனில் ஜெயந்தி: "ஏ புள்ள, ஓவன்ல சூடு ஏறியிருக்காது. விடு, நான் வந்து பாத்துக்கிறேன்." குரலில் ஏனோ ஒரு அவசரம். அவள் கலந்த பழைய துண்டை மதுரைக்குச் சோதனைக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 11, வெள்ளி

ரிசல்ட் வந்தது. துண்டில் வெள்ளீயம், பாத்திரத்துக்குப் பூசுகிற மாதிரி இல்லை, விஷமான சேர்மமாக.

விஷ உலோகம் எதுவும் சேர்க்காமல், தானே விரிசலை மூடிக்கொள்ளும் பிசின். இதற்காகத்தானே இத்தனை வருடம்? கருத்தரங்கில் அப்படிச் சொல்லித்தானே கைதட்டு வாங்கினோம்?

மாலை வந்தாள். கேட்டேன். மறுக்கவில்லை.

"வெள்ளீய உப்பு, கொஞ்சூண்டுதான் போட்டேன். எதுவும் ஒட்டலைன்னு நீ அழுதுக்கிட்டுக் கெடந்த. பாக்கச் சகிக்கல."

"நாம மாமு தோட்டத்துத் தண்ணித் தொட்டி விரிசல்ல பூசுனது?"

அவள் ஓவன் சுவிட்சை அணைக்கப் போனாள்.

"அதுவும் இந்தக் கலவைதானா? அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாக, ஜெயந்தி."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல?"

அன்று கீறல் மறைந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவளும் சேர்ந்து குதித்தாள். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

உடனே மாமுவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, போன். "அந்தத் தண்ணியக் குடிக்காதீக. எல்லாத்தையும் தொறந்து விட்ருங்க."

ஜூலை 12, சனி

கம்பம். மாமுவின் திராட்சைத் தோட்டம். பேய்க்காற்று. தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டினேன். பூச்சு லேசில் வரவில்லை, அவ்வளவு கெட்டி. விரல் முட்டியெல்லாம் ரத்தம்.

மாமு திட்டவில்லை. "வெஷம் இல்லேன்னுதானத்தா சொன்ன?" அவ்வளவுதான்.

எங்கள் ஆய்வு முடிவு தவறு என்று கருத்தரங்குக்கு மெயில் போட்டுவிட்டேன். என் பேரும் சேர்ந்து கெடும். கெடட்டும்.

மாமி டீ கொண்டுவந்தார். "கூடவே வருமே ஜெயந்தி, அது வரலையாத்தா?"

"அவுக வரல மாமி."

பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு அவள் 'அவ'தான். இன்று வாயில் இப்படி வந்தது.