குளிர் அறையில் ஏழாம் இலை

மார்ச் 4
குளிர் அறை 12 டிகிரி. கோதுமை நாற்றுகளில் சராசரி இலை 4.6. நான்கு முழுதாய் விரிந்துவிட்டன, ஐந்தாவது பாதிக்குமேல். சோதனை முடிய ஏழு விரிய வேண்டும். இந்தக் குளிரில் ஓர் இலைக்கு எட்டு நாள். 24ஆம் தேதிக்கு முன் நகர முடியாது.

மகள் பிறந்து ஆறு நாள். இன்னும் பார்க்கவில்லை.

மார்ச் 5
மனைவி, அவள் அம்மா வீட்டிலிருந்து போனில்: "பயிருக்கு எத்தனை இலைன்னா புள்ளி வச்சு சொல்ற. உன் பொண்ணுக்கு எந்தக் காதுகிட்ட மச்சம், சொல்லு பாப்போம்?"

இடது என்றேன். வலதாம்.

மார்ச் 7
மேல் தட்டில் முழு விளக்கு, கீழ்த் தட்டில் நிழல் வலை. வெளிச்சம் குறைந்தாலும் இலை ஏறக்குறைய அதே நாளில் வருகிறது. நீண்டு, மெலிந்து, தலை சாய்ந்து வருகிறது, அவ்வளவுதான். வேகம் வெப்பத்தின் கையில். பக்கத்து அறையில் 20 டிகிரி, ஐந்தே நாளில் ஓர் இலை. கண்ணாடி வழியே பார்த்துப் பொறாமைப்படுகிறேன் — செடியைப் பார்த்து!

ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே கைதான் அளக்க வேண்டும். பேராசிரியையின் சட்டம். ஆள் மாறினால் மில்லிமீட்டர் மாறுமாம். அவரிடம் குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் சோதனையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார். மூன்று வருட உழைப்பு.

மார்ச் 9, ஞாயிறு
யாருமில்லை. வெப்பநிலைக் குமிழைத் திருப்பினேன். 18.

மார்ச் 10
ஆய்வக உதவியாளர் காலையில் வெப்பநிலை குறிக்க வந்தார். "மெஷினுக்குக் காய்ச்சலா தம்பி, இல்ல உங்களுக்கா?"

மெஷினுக்குத்தான் என்றேன். அப்படியென்றால் மெக்கானிக் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று அட்டை எழுதி மாட்டிவிட்டார். அறை 18லேயே நிற்கிறது. பொய்க்கு நானே எதிர்பார்க்காத கூலி.

மார்ச் 12
5.7. ஓடுகின்றன! 20ஆம் தேதியே போய்விடலாம். அளக்கும்போது ஒரே இலையை இரண்டு முறை எண்ணிவிட்டேன். சந்தோஷமா இது?

மார்ச் 13
மெக்கானிக் இயந்திரத்தை அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார். "சும்மா கல்லு மாதிரி இருக்கு. யாரோ திருப்பியிருக்காங்க."

பேராசிரியை உதவியாளர் பக்கம் திரும்பினார். "தொடைக்கும்போது நீங்கதானே கையை வச்சீங்க?"

அவர் கையிலிருந்த துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

நான்தான் மேடம் — சொல்லிட்டேன். எல்லார் முன்னாலயும், எதுக்குன்னும் சேர்த்து. எப்படிச் சொன்னேன்னு இப்பவும் தெரியல.

மார்ச் 14
சோதனை கெட்டது. அறுபது தொட்டிகளையும் காலி செய்தாயிற்று. வேர்கள் வெள்ளை வெளேரென்று. மார்ச் 24 என்றிருந்த ஏழாம் இலை இனி மே மாதம்தான்.

உதவியாளர் ஒரு தொட்டியைக்கூட என்னைத் தூக்கவிடவில்லை. "காய்ச்சல்காரர் உக்காருங்க" என்றார். அது கோபமாக இருந்திருந்தால் தேவலை.

மார்ச் 15
பேராசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"கொழந்த பொறந்தத ஏன் சொல்லல?"

மேசையிலிருந்த அளவுகோலைப் பார்த்தேன்.

"நான் அவ்வளவு ராட்சசியா?"

அதற்கும் அளவுகோலைத்தான் பார்த்தேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கறாராக: "திங்கக்கிழமை மறுபடி விதை. பன்னண்டு டிகிரில முளை வெளிய வரவே பத்துப் பன்னண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் என்னத்த அளப்ப, மண்ணையா? போய்ட்டு வா."

குளிர் தரும் விடுமுறை. எனக்கு இது தோன்றவே இல்லையே.

மார்ச் 17
விதைத்தேன். மூன்று செ.மீ. ஆழம். பத்தரைக்கு ரயில்.

மார்ச் 18
மாமியார் வாசலிலேயே: "மாப்பிள்ளைக்கு வழி தெரிஞ்சுதா?"

என்ன எடை என்று கேட்டேன். "அளக்காம தூக்கு," என்றாள் மனைவி.

மார்ச் 22
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 27
நேற்று வரை என் கைக்கு வந்தாலே அழுதாள் மகள். இன்று என் தோளில் தூங்கிவிட்டாள். நாளை கிளம்ப வேண்டும். பையை மனைவிதான் அடுக்கினாள்.

மார்ச் 29
அறுபதில் நாற்பத்தொன்று முளைத்திருக்கின்றன. முதல் இலை 4 மி.மீ. அறை 12 டிகிரி.

பைக்குள், என் சட்டைகளுக்கு அடியில், மகளுடைய குட்டிச் சட்டை ஒன்று. மனைவி வைத்தாளா, தவறி வந்ததா — கேட்கவில்லை. துவைக்கவும் இல்லை.