பெனிஸ் பெயரில் ஒரு கன்று

குந்தா
3 நவம்பர் 2023

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் நலம். கட்ச் பாலைவனத்தில் நீங்களும் உங்கள் சோலார் தகடுகளும் சுகம்தானே? போனில் பேசினால் ரெண்டாவது நிமிஷமே சண்டையாகிவிடுகிறது, இனி கடிதமே எழுதிக்கொள்வோம் என்றீர்கள். எழுதுகிறேன். காகிதத்தில் என் பேச்சைப் பாதியில் துண்டிக்க முடியாதே!

நேற்று கல்லறைத் திருநாள். இந்த வருஷம் பிளாஸ்டிக் மாலை, மெழுகுவர்த்தி எதுவும் கிடையாது. ஆன்சி டீச்சர் பங்குச் சாமியாரிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டார். ஒவ்வொரு வீடும் இறந்தவர் பெயரில் ஒரு சோலைக்காட்டு மரக்கன்று நட வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்கு மேலே, வற்றிப்போன ஊற்றைச் சுற்றி வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட சீகை மரங்களை நாங்களே வெட்டிச் சுத்தம் செய்திருந்தோம். சீகைதான் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டதாம். பழைய சோலை திரும்பினால் ஊற்றும் திரும்புமாம். எஸ்டேட் லயத்து ஆட்களும் வந்திருந்தார்கள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கும் எல்லோருக்கும் பொதுவான காரியம்தானே.

சாமியார் மந்திரித்த கன்றுகளில் ஒரு காட்டு நாவல் மிஞ்சிவிட்டது. மந்திரித்ததை நடாமல் போட முடியுமா? நமக்கோ இந்தக் கல்லறையில் யாரும் இல்லை. நான் மட்டும் வெறுங்கையோடு நின்றேன். உபதேசியார் மனுவேல் கன்றை என் கையில் கொடுத்து, "யார் பேருக்குங்க?" என்றார். எல்லோரும் பார்க்கிறார்கள். "எங்க ஊட்டுக்காரர் பேருக்குங்க" என்று சொல்லிவிட்டேன். தூரத்தில் இருக்கிறவருக்காக ஒரு வேண்டுதல், அவ்வளவுதான் மனதில். டீச்சர் உங்கள் பெயர் எழுதிய பலகையையும் கட்டிவிட்டார். ஊரில் பாதிப் பேர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். ஆறு வருஷமாக "அடுத்த கிறிஸ்துமஸுக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் இப்படித்தான். ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.

உங்கள்,
லிஜி


கட்ச்
19 நவம்பர் 2023

பிரியமுள்ள லிஜிக்கு,

கட்டின புருஷனுக்குக் கல்லறைப் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்த உன் அன்பை என்னவென்று சொல்ல! படித்துக் காட்டினேன், கேம்ப்பே சிரித்தது.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். அந்த ரெண்டாம் தேதி தகடுகளுக்கு நடுவே வேலை பார்க்கும்போது கால் சில்லென்றது. பூட்ஸைக் கழற்றினால் சாக்ஸ் நனைந்திருக்கிறது. விரலிடுக்கில் கறுப்பு மண். இங்கே மண் உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கும். இது நம் மலை மண், வாசனை கூட அதுதான். பக்கத்தில் நின்ற சுரேஷிடம் காட்டுவதற்குள் காய்ந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லையாம். கோபித்துக்கொள்ளாதே. அடுத்த வருஷம் கட்டாயம்.

பெனிஸ்


குந்தா
28 ஜனவரி 2024

அன்புள்ளவருக்கு,

உங்கள் பங்குக் கேக்கைத் தெய்வம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். லயத்திலிருந்து வந்து என்னோடு கன்றுகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். இந்த வருஷ உறைபனி பொல்லாதது. காய்ந்த புல் போட்டு மூடியும் மற்ற கன்றுகள் எல்லாம் கருகிவிட்டன. உங்களுடையது மட்டும் என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. சோலை மரம் இவ்வளவு வேகமாக வளராது என்று ஆன்சி டீச்சரே சொல்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. சுற்றிலும் புல் வெள்ளையாகக் கிடக்கும், அதன் மேல் மட்டும் பனி பிடிப்பதில்லை. தெய்வம்மா தண்டைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "சூடா இருக்குது புள்ள, மனுசன் மேலு மாதிரி" என்றாள். நானும் தொட்டுப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது.

அதன் அடியில் மண் கசிகிறது. ஊற்று திரும்புகிறதுங்க! ஊரே சந்தோஷப்படுகிறது, நானும்தான். உடம்பு எப்படி இருக்கிறது என்று உடனே எழுதுங்கள்.

லிஜி


கட்ச்
10 மார்ச் 2024

லிஜிக்கு,

உடம்பைக் கேட்டாய். வெயில் கொளுத்துகிறது, எனக்கு வேர்ப்பதில்லை. சோறு இறங்கவில்லை, தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்கிறேன். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். வேலை முடிந்த பிறகும் வெயிலைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிடுகிறேனாம். சுரேஷ் தோளைப் பிடித்து உலுக்கினால்தான் காலை எடுக்க முடிகிறது. அவனும் இப்போது என் பக்கத்துக் கட்டிலில் படுப்பதில்லை. என்னைச் சுற்றிப் பனிமூட்டம் நிற்கிறதாம். இந்தப் பாலைவனத்தில்!

எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் கன்றைப் பிடுங்கிவிடு.

பெனிஸ்


குந்தா
2 ஏப்ரல் 2024

அன்புள்ளவருக்கு,

கடிதம் வந்த அன்றே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஊற்றில் பெண்கள் வரிசையாகக் குடம் வைத்திருந்தார்கள். தண்ணீர் இப்போது தடதடவென்று விழுகிறது. தெய்வம்மா சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவளல்லவா, அங்கே வைப்பது போல மூங்கிலைப் பிளந்து, தண்ணீர் குடத்தில் விழப் பீலி வைத்துக் கொடுத்திருக்கிறாள். லாரியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் கையில் மண்வெட்டியைப் பார்த்ததும் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"அவரு உசுரோடதானுங்க இருக்காரு, நான் தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க" என்று கத்தினேன். யாரும் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமுங்க லிஜி" என்றார் ஆன்சி டீச்சர். "அதனாலதானுங்க இது மட்டும் பொழைச்சுது."

ஒரு வெட்டுப் போட்டேன். சின்ன வேர் ஒன்று அறுந்தது. காற்றே இல்லை, மரம் முழுக்க நடுங்கியது. அதற்கு மேல் கை ஓடவில்லை, வந்துவிட்டேன். ஏனுங்க, உங்கள் காலில் ஏதாவது காயமா?

லிஜி


கட்ச்
14 ஏப்ரல் 2024

லிஜி,

இடது கால் சுண்டுவிரல் இல்லை. ரத்தமும் இல்லை, வலியும் இல்லை, பூட்ஸைக் கழற்றியபோதுதான் பார்த்தேன்.

அது போனால் போகட்டும். பாதியில் விட்டுவிடாதே, முழுதாக வெட்டிச் சாய்த்துவிடு, அப்போதுதான் அது என்னை விடும். ஊருக்கு லாரியில் தண்ணீர் வரும், எனக்கு வேறு உடம்பு ஏது? வெட்டியதும் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். இனி உன்னோடுதான், சத்தியம். சீக்கிரம். எழுதுவதற்கு விரல் மடங்கமாட்டேன் என்கிறது.

பெனிஸ்


குந்தா
30 ஏப்ரல் 2024

என் அன்பானவருக்கு,

மறுபடியும் மண்வெட்டியோடு போனேன். இந்த முறை எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். தெய்வம்மா அழுதாள், தடுக்கவில்லை.

வெட்டும் முன் கொஞ்ச நேரம் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். உங்கள் நெஞ்சுச் சூடு அப்படியே இருந்தது. ஆறு வருஷத்தில் எனக்கு அது மறந்தே போயிருந்தது. கிளை ஒன்று தாழ்ந்து வந்து என் தோளில் பட்டது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

எத்தனை சத்தியம் செய்துவிட்டீர்கள்! இதையும் நம்பி வெட்டினேன் என்றே வையுங்கள். உடம்பு தேறியதும் லீவு இல்லை என்று ஒரு கடிதம் வரும். எனக்குத் தெரியாதா உங்களை? இங்கே நிற்கிறவர் எங்கும் போவதில்லை. நான் பேசுவதை முழுதாகக் கேட்கிறார். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அவர் தருகிற தண்ணீரைக் குடிக்கின்றன. இப்படி ஒரு மனுஷனோடு வாழத்தானே நான் ஆசைப்பட்டேன்.

மண்வெட்டியைத் தெய்வம்மாவிடம் கொடுத்துவிட்டேன். என்மேல் கோபப்படாதீர்கள். வீடு வந்து சேர்ந்தவரை நான் எப்படி வெட்டி அனுப்புவேன்?

விரல் மடங்காமல் பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். சாயங்காலம் நானே வந்து உட்காருகிறேன், அப்போது சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
லிஜி