ஒரு கட்டம் மட்டும் நிரப்பிய தாள்

அன்பு மகள் பொடிசுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முட்டி மட்டும் படியேறும்போது முனகுகிறது, ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற மனுஷன் லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கு ஏறி இறங்கினால் முட்டி வேறென்ன செய்யும். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கண்ணெரிச்சல் குறைந்ததா, கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கோக்கிற வேலையைப் பகலிலேயே முடித்துவிடு என்று எத்தனை முறை சொல்வது. முந்தாநாள் போனில் அழுதாய். நான் வாயைத் திறப்பதற்குள் "எல்லாம் முடிஞ்சுதும்மா, அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி, நான் திரும்பி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய், அப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. சரி, போனைப் பாதியில் வைப்பாய், கடிதத்தை வைக்க மாட்டாய், பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத் தூக்கிப் போடுகிறவள் நீ. அதனால் உட்கார்ந்து கடைசி வரை படி. நான் கோபத்தில்தான் எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மருந்துக்கடைக்காரர் வருஷா வருஷம் நூலக மாடியில் ஒரு போட்டி நடத்துவாரே, பெரிய சினிமா விருதில் யார் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிற போட்டி, நீ இங்கே இருந்தபோது அப்பா போய் ஒவ்வொரு வருஷமும் பன்னிரண்டுக்குப் பூஜ்யம் வாங்கிக்கொண்டு வருவார், ஞாபகம் இருக்கும். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. இந்த வருஷம் உடைக்கான விருதில் போட்டியிடுகிற ஐந்து படங்களில் உங்கள் படமும் ஒன்று என்று தெரிந்த அன்றைக்கே போவதென்று முடிவு செய்துவிட்டேன். "பட்டியல்ல என் பேரே இல்லம்மா, பெரிய டிசைனர் பேர்தான் இருக்கு, விருது அந்த ராஜா கதைப் படத்துக்குத்தான் போகும், நீ யார்கிட்டயும் சொல்லிக்காதே" என்று நீ எழுதியிருந்தாய். நான் எல்லோரிடமும் சொன்னேன். கடைக்கு வந்தவர்களிடம் சொன்னேன், அளவெடுக்கும்போது கையை விரித்துக்கொண்டு நிற்பார்களே, அந்த நேரம் அவர்களால் எங்கும் ஓட முடியாது, அப்போது சொன்னேன். பல் டாக்டரிடம் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே சொன்னேன். என் மகள் தைத்ததை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

சும்மா பெற்ற பாசத்தில் சொன்னதில்லை. உங்கள் படத்தை இரண்டு தடவை பார்த்தேன், முதல் தடவை அப்பாவோடு, அடுத்தது உன் சித்தியோடு. ஆற்றுப் பாலத்தின் கதவைத் திறந்து மூடுகிற வேலைக்காரி, புருஷன் போன பிறகு பன்னிரண்டு வருஷம் தனியாகப் பிள்ளையை வளர்க்கிறாள், அவ்வளவுதான் கதை. முதல் காட்சியில் ஒரு நீலக் கவுன் போட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் மகள் பள்ளிக்கூடம் போகிறபோது போட்டிருக்கிற பாவாடை அதே நீலம், இடுப்பில் பழைய தையல் பிரித்த ஊசித்துளைகூடத் தெரிகிறது. அப்புறம் அது தலையணை உறை. கடைசியில் அந்தம்மா முட்டி போட்டுத் தரை துடைக்கிறாளே, கையில் இருக்கிற கந்தல் அதே கவுனின் கைப்பகுதி. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு "அது நம்ம பொண்ணு வேலை" என்றேன். "எது?" என்றார். "அந்தத் தரை துடைக்கிற துணி" என்றேன் சத்தமாக, முன் வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்து உஸ் என்றார். உஸ் என்றால் பயந்துவிடுவேனா, அவரிடமும் சொன்னேன். ஒரு வசனம் இல்லாமல் ஒரு குடும்பத்தின் பன்னிரண்டு வருஷக் கஷ்டத்தை ஒரு துணியிலேயே சொல்லிவிட்டீர்கள். ஒருதலையாகப் பேசக் கூடாதென்று ராஜா படத்தையும் போய்ப் பார்த்தேன். நாலாயிரம் உடை தைத்தார்களாம், தைக்கட்டும். ஏழு நாள் பாலைவனத்தில் நடந்து வந்த படைக்கு ஓரமடிப்பில் ஒரு துளிப் புழுதி இல்லை. ராணி தன்னந்தனியாகக் குகையில் ஒளிந்திருக்கிறாள், காலையில் எழுந்து உடை மாற்றிக்கொள்கிறாள், கொக்கி முப்பதும் முதுகுப் பக்கம், அதை மாட்டிவிட்டது யார்? கரடியா?

போட்டிக்குத் தாள் கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நூலக மாடியில் ஐம்பது பேர் இருப்பார்கள். தாளில் பன்னிரண்டு கட்டம், ஒவ்வொரு விருதுக்கும் ஒன்று. நான் உடைக் கட்டத்தில் உங்கள் படத்தை எழுதினேன், மற்ற பதினொன்றையும் காலியாக விட்டுக் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "என்னக்கா, மிச்சத்தை மறந்துட்டீங்களா?" என்றார். "மறக்கல. அதெல்லாம் எனக்குத் தெரியாது, தெரியாததை எழுத மாட்டேன்" என்றேன். "முழுசா நிரப்பாத தாள் செல்லாது, அதோட இது மனசுக்குப் பிடிச்சதை எழுதற இடம் இல்ல, எது ஜெயிக்கும்னு எழுதணும், எல்லாப் பத்திரிகையும் ராஜா படம்னுதான் போட்டிருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கு வந்ததே பார் ஆத்திரம். "அப்ப பத்திரிகையே தாளைக் கொடுத்துட்டுப் போகட்டும், நாம எதுக்கு?" என்றேன். அப்படியே திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, "உடை விருது எதுக்குன்னு எழுதினவங்க எல்லாரும் சொல்லுங்க, அந்த ராணியோட கவுனுக்குக் கொக்கி எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை மட்டும் யோசித்து "முன்னாடி" என்றார், அதுவும் தப்பு. "முப்பது வருஷமா தைக்கிறேன், இந்த ஒரு கட்டத்துக்கு இங்க என்னைவிடத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க, நான் தாளைக் கிழிச்சுட்டுப் போறேன்" என்றேன். கை எழவில்லை. மருந்துக்கடைக்காரர் தாளை வாங்கி மற்ற தாள்களோடு சேர்த்தார்.

திரும்பும்போது மேஜைமேல் உன் அப்பாவின் தாள் கண்ணில் பட்டது. உடை: ராஜா படம். அந்தக் கோணல் எழுத்து எனக்குத் தெரியாதா? வீடு வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை, அதற்கப்புறம் இரண்டு நாளும் திறக்கவில்லை, தட்டை நங்கென்று வைத்தால் சாப்பாடு தயார் என்று அவராகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். மூன்றாம் நாள் கடைக்கு வந்து இஸ்திரி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஏய், நான் எழுதினது எதுவும் இதுவரைக்கும் ஜெயிச்சதே இல்லல்ல? அதான் அந்தப் படத்தை எழுதினேன். அது தோத்துப் போகட்டும்னு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்ததில் பல் டாக்டரின் கால்சட்டையில் முட்டிக்கு மேலே ஒரு தீய்ச்சல், அது வேறு கதை, புதுத் துணியில் தைத்துக் கொடுத்துவிட்டேன்.

விழா இங்கே காலை ஒன்பது மணிக்கு ஒளிபரப்பானது. கடைக் கதவைப் பூட்டிவிட்டு நூலகத்துக்குப் போனோம். அப்பா என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முட்டி வலிக்குது நீட்டுங்க என்றாலும் கேட்கவில்லை. உறையைப் பிரித்து ஒரு நடிகை ராஜா படத்தின் பெயரை வாசித்தபோது சுற்றிலும் ஒரே கைதட்டல். நான் அப்பாவைத்தான் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொன்னது பலித்துவிட்டது. "நானே கெடுத்துட்டேன், வேற எதையாவது எழுதியிருக்கலாம்" என்று என் காதருகில் சொன்னார், அறுபத்திரண்டு வயது ஆள் குழந்தை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு. அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன், ஏன் சாப்பிடக் கூடாது? மருந்துக்கடைக்காரர் வாசல் வரைக்கும் வந்து ஆறுதல் பரிசாக ஒரு பேனாவை நீட்டி, "அடுத்த வருஷம் பத்திரிகையைக் கொஞ்சம் பார்த்துட்டு வாங்கக்கா" என்றார். "பேனா என்கிட்ட இருக்கு. அடுத்த வருஷமும் என் பொண்ணு தைச்ச படம் எதுவோ அதைத்தான் எழுதுவேன், தாள் மட்டும் எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையில் அவர் கெட்டவர் இல்லை, மறுநாள் அப்பாவின் முட்டிக்குத் தைலம் கொடுத்தனுப்பினார், ஆனால் என் தாள் தப்பு என்று நான் இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை, அந்த உறைக்குள் எழுதினவர்கள்தான் தப்பாக எழுதிவிட்டார்கள்.

இப்போது உன் விஷயம். நாலு வருஷத்துக்கு முன்னால் பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் ஒன்று சொன்னேன். "ஆறே மாசம், பெட்டியோட திரும்பி வந்து நிப்பே பாரு." அதைத்தான் நீ போனில் சரி என்கிறாய். அது கோபத்தில் சொன்னது மட்டுமில்லை, நான் நிஜமாகவே நம்பித்தான் சொன்னேன், அதுதான் எனக்கு வெட்கம். தையல் மிஷின் மிதிகட்டையில் கால் வைத்தே என் கணுக்கால் வீங்கிப்போனது நீயாவது மேஜை நாற்காலியில் உட்கார வேண்டுமென்று, நீயானால் படித்து முடித்துவிட்டு அதே ஊசியை எடுத்துக்கொண்டு ஊர் தாண்டிப் போகிறேன் என்றாய், எனக்கு வயிறு எரிந்தது. உனக்கு என்ன வரும் என்று பார்க்காமல் எனக்கு என்ன வலித்தது என்று பார்த்துச் சொன்னேன். நான் சொன்னது தப்பு. நாலு வருஷமாக நீ அதைத் தப்பாக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறாய். இப்போது யாரோ ஒரு உறையைப் பிரித்தார்கள் என்பதற்காக என்னைச் சரியாக்கிவிடாதே, தாங்க மாட்டேன். விருது வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த படத்துக்குத் தன்னோடு இருக்க வேண்டுமென்று உங்கள் பெரிய டிசைனர் அம்மா சொன்னதாகப் போன கடிதத்தில் எழுதியது நீதானே, பிறகு எதற்குப் பெட்டி கட்டுவது? உன் அறையில் உன் கட்டிலைக் கழற்றிவிட்டுச் சுவர் நிறையத் துணிச்சுருள் அடுக்கியாகிவிட்டது, அப்பாதான் பலகை அறைந்தார், அங்கே ஒரு பூனை படுக்கக்கூட இடமில்லை. லீவுக்கு வா, பத்து நாள் இரு, கூடத்தில் என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள். தோற்றுப்போய் வருகிறேன் என்று வருவதானால் வேறு வீடு பார்த்துக்கொள்.

நேற்று கடைக்கு ஒரு பெண் வந்தாள், ஏழாம் எண் பஸ் ஓட்டுகிறவள். நான் தொல்லை பண்ணியதில்தான் உங்கள் படத்தைப் பார்த்தாளாம். "எனக்கு ஒரு கோட்டு வேணும், அந்தப் பாலத்துக்காரி போட்டிருந்தாங்களே, கையைத் தலைக்கு மேல தூக்கி மணிக் கயித்தை இழுத்தாலும் கோட்டு கூடவே எழும்பல பாருங்க, அந்த மாதிரி. ஸ்டீயரிங்கைத் திருப்புறப்பல்லாம் எனக்கு இடுப்பு வரைக்கும் ஏறிடுது" என்றாள். ராஜா படத்து உடையைக் கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லை. சரி என்று சொல்லி அளவெடுத்துவிட்டேன், மாதக் கடைசிக்குள் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன். அக்குளில் ஒரு துண்டு வைத்துத்தான் தைத்திருக்கிறாய் என்பது வரை தெரிகிறது, ஆனால் பழந்துணியில் மாதிரிக்கு மூன்று தரம் தைத்து மூன்று தரமும் பிரித்துவிட்டேன், தூக்கினால் முதுகு இழுக்கிறது, இறக்கினால் கைக்குழி பை மாதிரி தொங்குகிறது. எனக்கு வரவில்லை பொடிசு. அந்தத் துண்டை எந்த வாக்கில் வெட்டினாய், எத்தனை விரல் அகலம், எங்கே ஆரம்பித்தாய் என்று ஒரு காகிதத்தில் படம் போட்டு உடனே அனுப்பு. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று எதையும் விட்டுவிடாதே, ஒன்றுமே தெரியாதவளுக்குச் சொல்கிற மாதிரி சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெளிச்சத்தில் தை, அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், உன் கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

உன் படத்துக்காகக் காத்திருக்கும்,
அம்மா