இடைவேளைக்குப் பின் எண்ணிக்கை

மார்ச் 3, செவ்வாய்

எனக்குக் கண் மங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மங்கவில்லை. ஜனவரியில் இடது கண்ணிலும் பிப்ரவரியில் வலது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டையில் எத்தனை பொத்தான் என்று இங்கிருந்தே சொல்வேன். நான்கு. ஐந்தாவது அறுந்திருக்கிறது. தைக்க அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை போலும்.

இதை என்னிடம் சொன்னவள் டார்ச்சு. எங்கள் தியேட்டரில் இருபத்திரண்டு வருடமாக டிக்கெட் கிழித்து இடம் காட்டுகிறவள். பகலிலும் கையில் டார்ச் இருக்கும், அதனால் அந்தப் பெயர்.

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு எண்ணிக்கை தப்பிப்போச்சாமேம்மா. கேன்டீன்ல பேசிக்கிறாங்க."

"யார் சொன்னது?"

டார்ச்சைப் போட்டுத் தரையில் எதையோ தேடினாள்.

வரும் வழியில் வாரப் பத்திரிகை வாங்கினேன். 'அம்மா எண்ணிக்கை' என்ற கட்டத்தில், நட்சத்திரத்தின் புதுப் படத்துக்கு 612 என்று போட்டிருக்கிறது. நான் எண்ணியது 143. சீட்டில் எழுதி, தியேட்டரில் பங்குதாரனான என் தம்பி கையில் கொடுத்ததும் 143.

அச்சுப்பிழையாக இருக்கும். தம்பியைக் கேட்க வேண்டும்.

மார்ச் 4, புதன்

அச்சுப்பிழை இல்லை. பத்திரிகை அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். "உங்க தம்பி சொன்ன நம்பர்தாம்மா" என்றார்கள்.

கோபத்தில் எழுதினால் வரிசை குழம்பும். கான்வென்டில் கணக்கு சிஸ்டர் சொல்வார், விடை வராவிட்டால் தெரிந்ததை முதலில் எழுது என்று. எழுதுகிறேன்.

எங்களுக்கு இரண்டு அரங்குகள். பெரியதில் 612 இருக்கை, சின்னதில் 180. ஞாயிறு மாலைக் காட்சியில், இடைவேளை முடிந்து பத்து நிமிடம் கழித்து, பின்னால் நின்று தலைகளை எண்ணுவோம். என் கணவர் ஆரம்பித்த வழக்கம். அவர் போன பிறகு பத்தொன்பது வருடமாக நான் எண்ணுகிறேன். வெள்ளிக்கிழமை வருகிறவன் நடிகனுக்காக வருகிறான். சனிக்கிழமை வருகிறவன் வெள்ளிக்கிழமை போனவன் பேச்சைக் கேட்டு வருகிறான். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் வருகிறது. அந்தக் குடும்பம் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்தால் படம் இரண்டாவது வாரம் நிற்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனால் நிற்காது. எத்தனை டிக்கெட் விற்றது என்பதை இயந்திரமே சொல்லிவிடும். திரும்பி வந்தவர்களைச் சொல்லத்தான் ஒரு மனுஷி வேண்டும்.

திங்கட்கிழமை எந்தப் படத்துக்கு எந்த அரங்கு என்பதை அந்த எண்தான் முடிவு செய்யும். வேறு ஊர்களில் பதினொரு தியேட்டர்காரர்கள் அதைக் கேட்டுத்தான் தங்கள் அரங்குக்குப் படம் எடுக்கிறார்கள்.

போன ஞாயிறு: பெரிய அரங்கில் நட்சத்திரத்தின் படம், 143. சின்ன அரங்கில், ஒரு தையற்கடையில் நடக்கும் சின்னப் படம், 186. நூற்றெண்பது இருக்கையில் நூற்றெண்பத்தாறு எப்படி? ஆறு பேர் பெரிய அரங்கிலிருந்து இடைவேளையில் இங்கே வந்து சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். டார்ச்சைக் கடிந்துகொண்டேன். "அந்தப் பக்கம் கொட்டாவி விடுறாங்க, இந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேக்குது. நான் எந்தக் கதவைத்தாம்மா பிடிக்கிறது?" என்றாள்.

முறைப்படி திங்கட்கிழமை சின்னப் படம் பெரிய அரங்குக்குப் போயிருக்க வேண்டும். அதைத் தூக்கியே விட்டார்கள். இப்போது இரண்டு அரங்கிலும் நட்சத்திரம்தான்.

மார்ச் 5, வியாழன்

தம்பி இன்றும் தொலைபேசியை எடுக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

வந்தான். அறுபத்தொரு வயது. வாசலிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு வரும்போதும் இப்படித்தான் சிரிப்பான்.

"அக்கா, அறுநூத்திப் பன்னெண்டு டிக்கெட்டும் வித்துச்சா இல்லையா?"

"யாருடா வாங்கினது?"

"யார் வாங்கினா என்ன? நமக்குச் சேர வேண்டியது சேர்ந்துடுச்சு."

வாங்கியவர், தயாரிப்பாளரின் ஆள். கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விற்காமல் நின்ற இருக்கைகளை எல்லாம் அவரே வாங்கியிருக்கிறார். முதல் வார இறுதியில் வசூல் சாதனை என்று போஸ்டர் அடிக்க வேண்டுமாம். அடுத்த படமும் எங்களுக்கே என்று தம்பிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"காலி நாற்காலி பாப்கார்ன் வாங்குமா? வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியிடம், நீயும் போய்ப் பாருடின்னு சொல்லுமா? போட்ட பணம் திரும்பி வருவது அந்தப் பேச்சில்தானேடா!"

"நீ எந்தக் காலத்துலக்கா இருக்கே? இப்பல்லாம் படம் மூணு நாள்தான். அதுக்குள்ள அள்ளிக்கணும்."

"சரி, அள்ளிக்கோ. என் பெயரில் ஏன் அள்ளினாய்?"

அதற்குத்தான் அவன் குரலைத் தாழ்த்தினான். "உன் மேல தப்பில்லக்கா. கண் ஆபரேஷன் ஆன உடம்பு. இருட்டுல யாருக்குமே சரியாத் தெரியாதுதான்."

"நீ என் பக்கத்துலதானே நின்னே? நான் ஒவ்வொரு வரிசையாச் சொல்லச் சொல்ல நீயும் எண்ணிக்கிட்டுத்தானே இருந்தே?"

தம்பி காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் கழுவி வைத்தான். இந்த வீட்டில் அவன் கோப்பை கழுவியதே இல்லை.

மார்ச் 7, சனி

தையற்கடைப் படத்தின் இயக்குநர் வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். தோளில் கனமான பையோடு வந்தாள், உட்கார்ந்த பிறகும் அதை மடியிலிருந்து இறக்கவே இல்லை. ஒரே கடை, ஆறு நடிகர்கள், இருபத்து மூன்று நாளில் எடுத்து முடித்த படம். செலவு அவ்வளவு குறைவு. எங்கள் பெரிய அரங்கில் ஒரு வாரம் ஓடியிருந்தால், அதைப் பார்த்து மற்ற தியேட்டர்காரர்களும் எடுத்திருப்பார்கள். லாபம் என்ற சொல்லை அவள் தைரியமாகச் சொல்லியிருக்கலாம். நட்சத்திரத்தின் சம்பளத்தில் இதுபோல எத்தனை கடை திறக்கலாம் என்று கேட்டால் கோட்டுக்காரருக்குக் கோபம் வரும்.

சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அம்மா, நீங்க மறைக்காமச் சொல்லுவீங்கன்னு சொன்னாங்க. படம் நல்லா இல்லையா?"

நூற்றெண்பத்தாறு என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இருக்கையே நூற்றெண்பதுதானே என்றாள். நின்றுகொண்டு பார்த்த ஆறு பேரைப் பற்றிச் சொன்னேன். ஒருவர் கடைசிவரை தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார் என்றும் சொன்னேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, பார்ப்பது மரியாதையில்லை.

எழுதித் தர முடியுமா என்றாள். எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

போனேன். எண்ணினேன். நட்சத்திரத்தின் படம், பெரிய அரங்கில் 58. சீட்டை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. அலுவலக அறைக் கதவு உள்ளே தாழ். உள்ளே கோட்டுக்காரர் குரல்.

சீட்டைக் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

மார்ச் 9, திங்கள்

மலையடிவாரத் தியேட்டர்காரர் காலையில் அழைத்தார். எங்கள் எண்ணைக் கேட்டுப் படம் எடுக்கும் பதினொரு பேரில் மிகச் சிறியவர். மனைவி டிக்கெட் கொடுப்பாள், இவர் படம் ஓட்டுவார்.

"கோச்சுக்காதீங்கம்மா, ஒண்ணு சொல்லிட்டு வெச்சிடறேன். அறுநூத்திப் பன்னெண்டுன்னு உங்க பேரைப் பார்த்துத்தான் அந்தப் படத்தை எடுத்தேன். நேத்து சாயந்திரம் நாப்பது பேரும்மா. அதுல எட்டுப் பேரு என் மச்சான் வீட்டு ஆளுங்க."

நான் சொன்னது 143 என்றேன். கண்ணைப் பற்றி வரும் பேச்சு பொய் என்றேன்.

"அப்ப அந்தக் கடிதாசி என்னம்மா? உங்க தம்பி போன வாரம் எல்லாருக்கும் அனுப்பினாரே. கீழே உங்க கையெழுத்து இருக்கே."

எந்தக் கடிதாசி?

அவர் அதைத் தொலைபேசிக்கு அனுப்பினார். பெரிதாக்கிப் படித்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன். இவ்வளவுதான் இன்று எழுத முடியும்.

மார்ச் 10, செவ்வாய்

கடிதத்தில் இருப்பது: 'என் கண்பார்வை மிகவும் குறைந்துவிட்டதால், ஞாயிறு எண்ணிக்கையை இனி என் பெயரில் என் தம்பியே சரிபார்த்து அறிவிப்பார்.' தேதி ஜனவரி 14. கையெழுத்து என்னுடையதுதான்.

ஜனவரி 14. இடது கண்ணில் கட்டு. வலது கண்ணில் அப்போது புரை, எல்லாம் பால் கொட்டினதுபோலத் தெரியும். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஊழியர்களின் வார விடுமுறையை மாற்றி எழுதியிருக்கிறோம், நீயும் கையெழுத்துப் போடவேண்டும் என்றான். படி என்றேன். படித்தான். செவ்வாய்க்கு ஒருவர், புதனுக்கு இருவர் என்று மூன்று வாக்கியம் வாசித்தான். டார்ச்சுக்கு வியாழக்கிழமை என்றான். அவளுக்கு வியாழன் தோதுப்படாதே என்றேன். "சரிக்கா, மாத்திடறேன்" என்று எதையோ கிறுக்கும் சத்தம்கூடக் கேட்டது.

இல்லாத வரிகளை என் முகத்துக்கு நேரே வாசித்தான். இல்லாத வரியில் ஒரு திருத்தமும் போட்டான்!

அப்புறம் என் கையைப் பிடிச்சு, பேனாவை வெச்சு, "இங்கக்கா, இன்னும் கொஞ்சம் கீழ" — எப்படிடா மனசு வந்துச்சு உனக்கு? டிக்கெட் கவுன்டர்ல உட்கார்ந்திருந்தவனைப் பங்குதாரனாக்கணும்னு அவர்கிட்ட ஒத்தைக்கால்ல நின்னது யாரு? நான்தானே? படிக்காம எதிலயும் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னவளும் நான்தானே?

கட்டு பிரிக்கும்வரை தினமும் வந்து சொட்டு மருந்து விட்டவனும் அவன்தான். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மார்ச் 11, புதன்

பழைய பத்திரிகைகளை வரவழைத்து என் நகல் சீட்டுகளோடு ஒப்பிட்டேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் எண்ணிய ஐந்து ஞாயிறுகளில் மூன்று எண்கள் என்னுடையவை அல்ல. என் எண்ணை நானே என்ன சரிபார்ப்பது என்ற மிதப்பில் பத்திரிகையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த மிதப்பு என் தவறு. மற்றது அவனுடையது.

மார்ச் 13, வெள்ளி

டார்ச்சு வந்தாள். கடிதத்தைப் பற்றி அவளுக்கும் தெரிந்துவிட்டது. "பெரியவர் இருந்திருந்தா அந்தக் கோட்டைக் கழட்டித் தோரணம் கட்டியிருப்பாரு" என்றாள். சிரித்துவிட்டேன். சிரிப்பு வந்ததே என்று பிறகு எனக்கே எரிச்சலாக இருந்தது.

"அன்னிக்கு எத்தனை பேர் இருந்தாங்கன்னு நானும் பார்த்தேன்னு எழுதித் தரட்டுமாம்மா?" என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவளுக்கு அங்கேதான் வேலை. பார்த்தவன் வேறொருவன் இருக்கிறான், அவன் எழுதட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

போகவில்லை. மாலை ஏழரைக்குக் கால்கள் தாமாக எழுந்து நின்றன. உட்கார வைத்தேன்.

மார்ச் 16, திங்கள்

மலையடிவாரத்துக்காரர் மறுபடி அழைத்தார். நான் எழுதிக் கொடுத்த சீட்டோடு இயக்குநர் அவரைத் தேடிப் போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை தையற்கடைப் படத்தைப் போட்டிருக்கிறார்.

"நேத்து நானே எண்ணினேன்மா, நீங்க எண்ணுற மாதிரி. இடைவேளைக்கு முன்னாடி இருநூத்திப் பதினொண்ணு. அப்புறம் இருநூத்திப் பதினாலு. மூணு பேரு எங்கேர்ந்து முளைச்சாங்கன்னே தெரியல."

"மறுபடி எண்ணினீர்களா?"

"ரெண்டு தடவை."

"அப்படியானால் சரி" என்றேன். அவளுக்கு லாபம் வரும். ஒரு வாரம் தாமதமாக, வேறொருவர் அரங்கில் வரும்.

மார்ச் 17, செவ்வாய்

பத்திரிகையில் 'அம்மா எண்ணிக்கை' கட்டம் இல்லை. அந்த இடத்தில் ஒரு துணிக்கடை விளம்பரம். ஆசிரியரை அழைத்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க ஒண்ணு சொல்றீங்க, உங்க கையெழுத்து ஒண்ணு சொல்லுது. நாங்க எதைப் போடறதுங்கம்மா?"

தொலைபேசியை வைத்துவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

நட்சத்திரத்தின் படத்தை எல்லா ஊரிலும் தூக்கிவிட்டார்கள். கோட்டுக்காரரின் அடுத்த படம் வேறு தியேட்டருக்குப் போய்விட்டதாம். டார்ச்சு சொன்னாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

தம்பி இந்தப் பக்கமே வருவதில்லை. இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தின் நகல்:

தம்பிக்கு,

நான் இன்னும் வக்கீலிடம் போகவில்லை. தியேட்டரில் என் பாதியைப் பற்றிப் பேசுவதற்காகவும் இதை எழுதவில்லை. நீ மன்னிப்புச் சொல்ல வேண்டும் என்றும் கேட்கவில்லை, அதை நீ சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாய்.

மார்ச் 1, ஞாயிறு மாலைக் காட்சி. இடைவேளை முடிந்து பத்து நிமிடம். நீ என் இடது பக்கம் நின்றாய். உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. பெரிய அரங்கில் எத்தனை பேர் இருந்தார்கள்?

அந்த எண்ணை மட்டும் உன் கையால் எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பு. தொலைபேசி வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். எழுத்தில் பதில் வேண்டும்.

அக்கா